அப்பா கேட்ட ஒரே ஒரு தாழ்ப்பாள்

குமரா,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. பொங்கியது நான்தான். உன் மாமனாருக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அடுத்த வாரம் வேலூர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும், மூன்று விதமான பேக்கேஜ் இருக்கிறது, அப்பாவுக்கு எதைப் போட்டோமோ அதையே போட்டுவிடவா என்று ஒரே மூச்சில் கேட்டாய். சம்பந்தி என்ன பார்சலா, பேக் பண்ணி அனுப்ப? இதைப் போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு உனக்குத் தோன்றியதைத்தான் செய்வாய். காகிதத்திடம் சரிம்மா சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். சம்பந்தமில்லாமல் நீட்டுகிறாளே என்று நினைக்காதே, முழுக்கச் சம்பந்திக்குச் சம்பந்தமானதுதான்.

அப்பாவுக்கு எதைப் போட்டோம் என்று உனக்கே தெரியும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். புனேயில் இருந்துகொண்டு நீ பார்த்ததெல்லாம் வீடியோ காலில் தெரிந்த அப்பாவை. வீடியோ காலில் மனுஷருக்கு மார்பு வரைக்கும்தான் உடம்பு. அதற்குக் கீழே இரண்டு கால், அந்தக் கால் போய்ச் சேர வேண்டிய இடம், அந்த இடத்துக்குப் போக முடியாமல் அவர் பட்ட பாடு, இதெல்லாம் போனுக்குள் அடங்கவில்லை. அந்தக் கீழ்ப்பாதிக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

போன வருஷம் தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் தறியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அது வந்தது. வலது கையிலிருந்து நூல் ஓட்டுகிற நாடா நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார், கை போகவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. நான் வேறு, வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்து ஒரு கிண்டல் அடித்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கிண்டல் நின்றது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், பிழைத்தார் என்றார் டாக்டர். பக்கவாதம் என்று பெயர் சொன்னார். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் வாதம் செய்தது நான், அதன் பக்கம் மட்டும் அவருக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பயத்தில் எனக்கு வாய் அப்படித்தான் போகும், உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நீ எனக்கு, வீட்டுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனியின் மூன்று பேக்கேஜைப் படமாகப் போனில் அனுப்பினாய். தினம் ஒரு தடவை நர்ஸ் வந்து போவது ஒன்று. பகலில் மட்டும் ஆள் இருப்பது ஒன்று. ராத்திரி பகல் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வது ஒன்று. எது நல்லது என்று கேட்டாய். இங்கேதான் நாம் இரண்டு பேரும் நம் ஊர்க்காரர் புத்தியைக் காட்டினோம். நம்மிடம் சேலை வாங்க வருகிறவர் முதலில் என்ன செய்வார்? கலரைப் பார்ப்பதற்கு முன்னால் சேலையைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் நல்ல பட்டு, நல்ல ஜரிகை. கனம் குறைந்தால் மூஞ்சி சுருங்கும். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் உனக்கும் அந்தக் கைப்பழக்கம் ரத்தத்தில் ஊறியது. அப்பாவைப் பார்த்துக்கொள்கிற ஆளையும் நாம் அப்படியே தூக்கிப் பார்த்து எடைபோட்டோம். இருப்பதில் எது கனமோ அதைப் போடு என்று நான் சொன்னேன். நானும் அதைத்தாம்மா நினைத்தேன் என்று நீ சொன்னாய். உடம்புக்கு எது பொருந்தும் என்று ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை.

ஆரம்பத்தில் ஒன்று மட்டும் சரியாக நடந்தது. அதை நாம் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் வற்புறுத்தியதால் நடந்தது. சாப்பாடு போக மூக்கில் ஒரு ட்யூப், சிறுநீர் போக ஒரு ட்யூப் என்று அப்பா வீட்டுக்கு வந்தார் இல்லையா, அதற்கு மட்டும் கொஞ்ச நாள் ஒரு நர்ஸ் சிஸ்டர் தினமும் வந்து போனார். அந்த வேலையைப் படித்த கைதான் செய்ய வேண்டும். நானோ, பாசத்தோடு இருக்கிற இன்னொருவரோ, தைரியமாகக் கை வைக்கிற காரியம் இல்லை அது. முழுங்குவதற்குப் பழகி, டாக்டர் பார்த்து, ட்யூப் இரண்டையும் எடுத்த அன்றைக்கு, இனி என் வேலை இங்கே இல்லைம்மா, ரத்த அழுத்தம் பார்க்க எப்போதாவது கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு அந்தச் சிஸ்டர் கிளம்பிப் போனார். சம்பந்திக்குத் தையல் பிரிக்கிற வரைக்கும், ஊசி போட வேண்டிய வரைக்கும் நர்ஸ் வேண்டியிருக்கும். அதில் மிச்சம் பிடிக்காதே. ஆனால் புண் ஆறின பிறகும் நர்ஸை உட்கார வைத்துக்கொண்டு, அவர் டிவி பார்ப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் வந்தவர்தான் மூர்த்தி. நீ பிடித்த அந்தக் கனமான பேக்கேஜ். செய்யாறு பக்கத்துப் பிள்ளை, தோள் இரண்டும் தேர்ச்சக்கரம் மாதிரி. தங்கமான ஆள் என்று இப்போதும் சொல்வேன், ஒரு குறை கிடையாது. அப்பாவை அலுங்காமல் தூக்குவார், குளிப்பாட்டுவார், முகம் மழிப்பார், ஊட்டுவார், கட்டிலிலேயே எல்லாவற்றையும் முடித்துத் துடைத்துவிடுவார். நெற்றியில் விபூதி கூட அவரே பட்டையாகப் போட்டுவிடுவார். சாயங்காலம் நீ வீடியோவில் வரும்போது அப்பா தலை வாரி, சட்டை மாட்டி, தலையணைக்கு நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருப்பார். அப்பா சூப்பரா இருக்காரும்மா என்று நீ சந்தோஷப்படுவாய். நானும் சந்தோஷப்பட்டேன். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம், பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும், தகப்பனை ராஜா மாதிரி வைத்திருக்கிறான் என்று உன்னைப் புகழ்ந்தார்கள்.

ராஜா மாதிரி இல்லையடா, சாமி மாதிரி வைத்திருந்தோம். நம் ஊரில் தெருவுக்குத் தெரு கோயில், மாதத்துக்கு ஒரு உற்சவம். வீதி உலா வருகிற சாமியைப் பார்த்திருக்கிறாய். அலங்காரம் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டுமென்றாலும் நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும். நம் வீட்டிலும் அதுதான் நடந்தது. தூக்குகிறவர் மூர்த்தி, தூக்கப்படுகிறவர் உற்சவ மூர்த்தி. நாள் ஆக ஆக அப்பா கட்டிலில் புரண்டு படுப்பதைக்கூட நிறுத்திவிட்டார். கண்ணைக் காட்டினால் மூர்த்தி புரட்டிவிடுவார். பேச்சு கொஞ்சம் திரும்பி வந்திருந்தது, ஆனால் பேச வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. டாக்டர் வாங்கச் சொன்ன வாக்கர் மூலையில் துணி காயப்போட உதவியது. வாக்கரும் நடக்கவில்லை, வாக்கும் வரவில்லை. நான் எத்தனையோ கோமாளித்தனம் செய்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த உன் சித்தப்பா மாதிரி மூக்கால் அழுது காட்டினேன். கல்யாணமான நாள் முதல் என் சேட்டைக்குச் சிரித்துச் சிரித்தே தேய்ந்துபோன மனுஷர், வெறுமனே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மூர்த்தி ஊரில் காதுகுத்து என்று காலையில் கிளம்பிப் போனார், மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று. நானும் அப்பாவும் மட்டும். காபி கொண்டுவந்தேன். எப்போதும் மூர்த்திதான் டம்ளரை அவர் உதட்டில் வைத்துச் சாய்ப்பார். எனக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, தலையணையை முட்டுக்கொடுத்து அவரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, காபியை ஆற்றி, ஸ்டூலில் ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து என் காபியைச் சத்தமாக உறிஞ்சிக் குடித்தேன். வலது கைப் பக்கமாகத்தான் வைத்தேன், வேண்டுமென்றே. அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிட்ட வை மே" என்றார், குழறலாக. என்னைக் கூப்பிடுகிற அந்த "மே"யைக் கேட்டே ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"எனக்குக் கால் மரத்துப்போச்சு மாமா. நீயே எடுத்துக்கோ" என்றேன்.

முறைத்தார். ரொம்ப நாள் கழித்து எனக்குக் கிடைத்த முறைப்பு அது, எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. பிறகு அந்த வலது கை போர்வைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. போகாது, வராது என்று நாங்கள் எல்லோரும் எழுதி முடித்துவிட்ட கை. நடுங்கிக்கொண்டே போய் டம்ளரைத் தொட்டது, இடது கையும் துணைக்கு வந்தது, இரண்டு கையுமாகத் தூக்கி வாயில் வைப்பதற்குள் பாதிக் காபி வேட்டியில் போனது. மீதிப் பாதியைக் குடித்தார். குடித்துவிட்டு வேட்டியைப் பார்த்தார். நல்ல காபி கலர் பார்டர் வந்திருக்கிறது, முந்தியும் இதே கலரில் போட்டுவிடலாமா என்று கேட்டேன். சிரித்தாரடா. வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது, ஆனால் அது அவர் சிரிப்பு. அந்த வேட்டியை நான் ரெண்டு நாள் துவைக்கவில்லை.

மத்தியானம் வந்த மூர்த்தி கறையைப் பார்த்துப் பதறிவிட்டார். கம்பெனிக்குத் தெரிந்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று பயம். அவரை உட்கார வைத்துச் சோறு போட்டு, நடந்ததைச் சொல்லி, இனிமேல் அப்பாவை அவர் கையாலேயே சாப்பிட விட்டு, மெல்ல நடக்க வைக்கலாமா என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"எங்க வேலை அவரு விழாம பாத்துக்கறதும்மா. நடக்க வெக்கறது எங்க வேல இல்ல. நடந்தாதானே விழுவாரு? அதான் நாங்க நடக்க விடறதில்ல."

எவ்வளவு நேர்மையான பேச்சு. அவரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அவரிடம் கொடுத்த வேலையை அவர் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தார். தப்பான வேலையைக் கொடுத்தது நாம்தான். ராத்திரி பகல் முழுக்க ஆள் இருந்தால் அதற்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தோம் இல்லையா? பிசியோதெரபி கட்டாயம் என்று டாக்டர் சொன்னபோதுகூட, அதான் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கிறாரே என்று தலையாட்டிவிட்டு வந்தோம். படுத்தே கிடக்கிற நிலைமையில் இருக்கிறவருக்கு மூர்த்தி மாதிரி ஒரு ஆள் தெய்வம், சந்தேகமே இல்லை. எழுந்திருக்கக்கூடிய ஒருவரை அந்தத் தெய்வமே எழவிடாது.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்கும் எனக்கும் நடந்த சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். மூர்த்தியைக் காலையில் குளிப்பாட்ட மட்டும் வரச் சொல்லலாம், நடக்கப் பழக்குகிற ஒரு பிசியோவை வாரத்துக்கு மூன்று நாள் வரவழைக்கலாம் என்றேன். நாளெல்லாம் இருக்கிற ஆளை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வந்து போகிற ஆளையா போடுவது என்று நீ கத்தினாய். கனம் குறைகிறதே என்று உனக்கு மூஞ்சி சுருங்கியது போனிலேயே தெரிந்தது. "அப்பா விழுந்தாருன்னா உன்னால தூக்க முடியுமாம்மா? அவர் ஒரு தடவை விழுந்தாலும் வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் புனேவுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாய். நீ மிரட்டவில்லை, பயத்தில் சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பயம்தான் பெரிய சாமான், அதை வைக்க இடமில்லாமல் அம்மா தலையில் இறக்குகிறான். ஆனால் அப்பா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் வீடு பதினோராவது மாடி. அங்கே போனால் லிப்டில் ஏறுகிற உற்சவ மூர்த்தியாகிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

நான் பிடித்த பிடியில் நின்று வரவழைத்த பிசியோதான் ரேவதி. தாமல் ஏரிக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வாக்கர் மேல் மாட்டுவாள். முதல் நாளே என்னையும் மூர்த்தியையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அப்பா எதிரில் உட்கார்ந்து நேராக அவரிடம் பேசினாள். எங்களிடம் இல்லை, அவரிடம். இத்தனை நாளில் யாரும் அதைச் செய்யவில்லை, நான் உட்பட. உங்களுக்கு முதல்ல என்ன செய்யணும்னு ஆசையா இருக்குது சார் என்று கேட்டாள். தறியில் உட்கார வேண்டும் என்பார் என்று நான் நினைத்தேன். கோயிலுக்குப் போக வேண்டும் என்பார் என்று மூர்த்தி நினைத்தாராம். அப்பா கொஞ்ச நேரம் வாயைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்தார்.

"கக்கூசுக்கு... தனியா போவணும். உள்ள தாப்பா போட்டுக்கணும்."

நானும் மூர்த்தியும் சிரித்துவிட்டோம். ரேவதி சிரிக்கவில்லை. சரி சார், அங்க போற வழியைக் காட்டுங்க என்று எழுந்தாள்.

வழி உனக்குத் தெரியும். முன்னறையிலிருந்து தறிக்கூடம், தறிக்கூடத்தைத் தாண்டி ஒரு படி இறங்கினால் கொல்லை, கொல்லையின் ஓரத்தில் கக்கூசு. நமக்கெல்லாம் அது வழியே இல்லை, மூச்சுவிடுகிற மாதிரி போய் வருகிற இடம். ரேவதி அதை ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்தாள். நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழியின் விளிம்பு, தரையில் கிடந்த நூல் கூடை, அந்த ஒற்றைப் படி, ஈரத்தில் வழுக்குகிற சிமெண்ட். படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு இரும்புக் கம்பி வைக்கச் சொன்னாள். உள்ளே ஒரு கம்பி, உயரமான கமோடு. கூடையெல்லாம் பரண் மேல் ஏறியது. தறிக்குழி மேல் பலகை போட்டு மூடலாம் என்றபோது மட்டும் அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவருக்குப் பதிலாகத் தறியில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு வேலை நிற்குமே என்று. பிடித்துக்கொள்ளத் தறிக்கால் இருக்கிறது, எத்தனை அடிக்கு ஒரு கால் என்று தனக்குத் தெரியும் என்றார். ரேவதி தறிக்கால்களை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

பயிற்சி ஆரம்பித்தது. முதலில் கட்டிலில் உட்கார்வது, எழுவது. அப்புறம் வாக்கரோடு முன்னறை. அப்புறம் தறிக்கூடத்து வாசல். மூர்த்தி காலையில் வருவார், முதுகு தேய்த்துவிடுவார், மீதியை அப்பா தேய்த்துக்கொள்வார். முதுகைத் தவிர மூர்த்திக்கு வேலையே இல்லாமல் போனதில் அவருக்கே ஒரே சந்தோஷம். ரேவதி வராத நாளில் அவள் சொல்லிக்கொடுத்தபடி அப்பா பக்கத்தில் நிற்க வேண்டியது நான். அங்கேதான் நான் சொதப்பினேன். அவர் தறிக்காலைப் பிடிக்கக் கையை நீட்டுவார், நீட்டுவதற்குள் நான் பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும். பாசம், பயம், உன் பதினோராவது மாடி, எல்லாம் சேர்ந்து என் கையை இழுக்கும். ஒரு நாள் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் சொல்றதுக்கு முன்ன தள்ளாத மே" என்றார்.

அது பழைய வார்த்தை. உனக்குத் தறி தெரியும், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தறியில் உட்கார்ந்திருந்த காலத்தில் நீ பிறக்கவேயில்லை. கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். உடலை நெய்கிறவர் நடுவில் இருப்பார், கரைக்கான நாடாவைத் தள்ளுகிற இன்னொருவர் பக்கத்தில் இருப்பார். அவர் உடலை நெய்து, ம் என்று ஒரு சத்தம் கொடுத்த பிறகுதான் பக்கத்திலிருப்பவர் கரையைத் தள்ள வேண்டும். புதுப்பெண்ணாக வந்த நான் அவரைச் சீண்டுவதற்காகவே அவர் ம் சொல்வதற்கு முன்னால் நாடாவைத் தள்ளிவிடுவேன். இரண்டு நூலும் தப்பான இடத்தில் கோர்த்துக்கொள்ளும். அவர் திட்டவே மாட்டார், ஊசியை எடுத்து நிதானமாகப் பிரிப்பார், பிரித்துவிட்டு இதே வார்த்தையைத்தான் சொல்வார். அதே வார்த்தை, இத்தனை வருஷம் கழித்து, குழறிக்கொண்டு. நான் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் தறிக்காலைப் பிடித்தார், ஒரு அடி வைத்தார், ம் என்றார். நான் வாக்கரை ஒரு அடி நகர்த்தினேன். அன்றைக்கு முதல் அப்படித்தான். உடல் அவருடையது, கரை மட்டும் என்னுடையது. வீட்டில் வந்து பார்த்துக்கொள்கிற எவருக்கும் இதுதான் வேலை என்று நினைக்கிறேன், நர்ஸோ பிசியோவோ பெண்டாட்டியோ.

நடுவில் ஒரு நாள் அவர் விழப்பார்த்தார். அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள். படியருகில் கால் மடங்கியது. ரேவதி பழக்கிவைத்திருந்தபடி, விழாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். விழுவது வேறு, உட்காருவது வேறு என்று அவள் இரண்டு பேருக்கும் முன்பே பாடம் நடத்தியிருந்தாள். எப்படி எழுப்புவது என்பதும் பாடத்தில் உண்டு, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன், அவரே ஏறி உட்கார்ந்தார். உன்னிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "உக்காந்தேன்னு சொல்லு. விழுந்தேன்னு சொன்னா லிப்டுதான்" என்றார். எழுத்து எழுத்தாகப் பேசிக்கொண்டிருந்தவர், சாமர்த்தியமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்துத் தறியிலிருந்த ஆள் நெசவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

கடைசியாகத் தாழ்ப்பாள் தகராறு. தனியாகப் போகலாம், ஆனால் உள்ளே தாழ்ப்பாள் மட்டும் கூடவே கூடாது, ஏதாவது ஆனால் கதவை உடைக்க வேண்டிவரும் என்று ரேவதி கறாராகச் சொல்லிவிட்டாள். தாழ்ப்பாள் இல்லாமல் போவது போகிறதில் சேர்த்தியே இல்லை என்று அப்பா அதைவிடக் கறார். வயசு வேறென்றாலும் இரண்டு பேருக்கும் வீம்பு ஒன்றுதான். எனக்கு ஒரு யோசனை வந்தது. இரும்புத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, கதவில் ஒரு ஆணி, நிலையில் ஒரு ஆணி அடித்து, நடுவில் ஒரு நூலைப் போட்டுக்கொண்டால்? உள்ளே இருப்பவருக்குத் தாழ்ப்பாள், வெளியிலிருந்து தள்ளினால் அறுந்துவிடும். ரேவதி ஒத்துக்கொண்டாள். அப்பா உடனே கூடத்திலிருந்து ஒரு இழை எடுத்துவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன், ரேவதி உள்ளே நின்று கட்டினாள், நான் வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தேன். கதவு அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது, நூல் அப்படியே இருந்தது. மூன்று இழை முறுக்கிய பட்டு, பின்னே அறுமா? நெசவாளி வீட்டில் நூல் என்றால் பட்டைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஞாபகமே வரவில்லை. ரேவதி வெளியே வந்து சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பூக்கட்டுகிற வாழைநாரைப் போட்டோம். அது சரியாக அறுந்தது.

அதற்கு மறுநாள் நீ சாயங்காலம் வீடியோவில் வந்தாய். கட்டில் காலி. தலையணை மட்டும் இருந்ததைப் பார்த்து உன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"அப்பா எங்கம்மா?"

"கொல்லைக்குப் போயிருக்கறாருடா."

"கூட யாரு? மூர்த்தியா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பொண்ணா?"

"அவ போயிட்டா."

"நீ இங்க இருக்கியே. அப்ப அப்பா கூட யாரும்மா இருக்காங்க?"

"ஒரு நார் இருக்குது" என்றேன்.

நீ புரியாமல் விழித்தாய். நான் போனை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்து நின்றேன், அதற்கு மேல் போகவில்லை. கொல்லையில் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார், வெளியில் நிற்கிறேனா என்று. இல்லை என்றேன். இல்லைன்னு சொல்றது யாரு என்று கேட்டார். நீ போனுக்குள் சிரிக்க ஆரம்பித்தாய், அப்புறம் கேமராவை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து அப்பா வெளியே வந்து, கம்பியைப் பிடித்துப் படியேறி, தறிக்காலுக்குத் தறிக்கால் தாவி வந்து கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டார். வேட்டியைக் கட்டியிருந்த விதம் படுமோசம். அதை நான் சரிசெய்யவில்லை. அவர் ம் சொல்லவில்லையே.

ஆக, அப்பாவுக்குப் போட்டதையே மாமனாருக்குப் போட வேண்டாம். அவருக்கு இடுப்பு, இவருக்குப் பக்கம். அவர் வீட்டில் இரண்டு மாடி, நம் வீட்டில் ஒரு படி. தையல் இருக்கும்வரை நர்ஸ் வரட்டும். எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பிசியோ வரட்டும், அதைத் தள்ளிப்போடாதே. சம்பந்தியம்மா ஒண்டியாக இருப்பதால் பகலில் ஒரு கை வேண்டும்தான், ஆனால் வருகிறவரிடம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதோடு, என்னென்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடு. கையில் தூக்கி எடை பார்க்காதே, விரித்துப் பார்.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால், உன் பெண்டாட்டியைக் கேட்பதற்கும் முன்னால், வேலூருக்குப் போய் உன் மாமனார் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். உங்களுக்கு முதலில் எதைத் தனியாகச் செய்ய ஆசை மாமா என்று கேள். ரிட்டயர்டு தலைமையாசிரியர், உடனே சொல்ல மாட்டார், கூச்சப்படுவார். காத்திரு. அவர் என்ன சொன்னாலும் சரி, கேட்டுச் சிரித்துவிடாதே.

அம்மா